பிறக்காதவர்களின் முட்டிவலி

ஒரு மோட்டார் நின்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, அம்மிணி. ஓடுகிற சத்தம் இல்லை. ஓடுகிற சத்தத்தை யார் கேட்கிறார்கள்? எங்கள் கல்லூரிச் சுவருக்கு அந்தப் பக்கம் அது வருஷக்கணக்கில் ஓடியது, வீட்டில் பெரியவர் ஒருவர் எதற்கோ மனம் சரியில்லாமல் முனகுவது போல. அந்த முனகலின் மேலேயே நாங்கள் பாடம் நடத்தினோம், பரீட்சை வைத்தோம், ஒருவருக்கொருவர் கல்யாணப் பத்திரிகை கொடுத்தோம். ஒரு மத்தியானம் அது நின்றது. டக் என்று ஒரு சத்தம். பிறகு குழாய்க்குள் தண்ணீர் திரும்பி இறங்குகிற நீளமான கொறகொறப்பு. பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததில் ஒரு மைனா கத்தியது. அது எத்தனை வருஷமாகக் கத்திக்கொண்டிருந்ததோ.

ஜன்னல் ஓரம் நீங்களே இருங்கள். கோபி வரைக்கும்தானே? நானும் அங்கேதான். முந்தைய பஸ்ஸிலேயே போயிருக்க வேண்டியவள். பஸ் ஸ்டாண்டில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. திருகு வழுக்கியது. கைக்குட்டையைச் சுற்றி இறுக்கிவிட்டு வருவதற்குள் பஸ் போய்விட்டது. பழக்கம், வேறொன்றும் இல்லை. உங்கள் கையில் இருக்கிற காலி பாட்டிலை வெளியே போட்டுவிடாதீர்கள். இப்படிக் கொடுங்கள். எனக்கு வேண்டியதில்லை, இருந்தாலும் கொடுங்கள்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் சேர்மன் ஆறாக இருந்த ஐப்பசியைச் சொல்ல வேண்டும்.

நான் கிருபாவதி. பெண்கள் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். படிக்கிற காலத்தில் ஆற்றைப் பற்றி ஒரு கவிதை எழுதி முதல் பரிசு வாங்கினேன். அதை இப்போது சொல்லப் போவதில்லை. கேட்டால் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு எம்.பி.ஏ. கல்லூரியில் வியாபாரக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். கல்லூரியை நடத்தியவர் நாச்சிமுத்து. சேர்மன் என்றுதான் எல்லோரும் சொல்வோம். பக்கத்திலேயே அவருடைய சாயப்பட்டறை. பட்டறையில் மச்சான்களுக்கும் பங்கு உண்டு, கல்லூரி அவருடையது மட்டும். சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு பிளாண்ட் கட்டியிருந்தார்கள், அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்கு. மற்ற நாட்களில் அந்த மோட்டார்தான். பின்சுவருக்கு அடியில் ஒரு குழாய், அது பள்ளத்தில் விழும், பள்ளம் ஆற்றில் சேரும். திங்கட்கிழமை பள்ளம் நீலமாக ஓடினால் எந்த ஊர்க்காரன் என்ன சட்டை போடப் போகிறான் என்று மாணவர்கள் பந்தயம் கட்டுவார்கள். யாரும் அதை ரகசியம் என்று நினைக்கவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

அந்த வருஷம்தான் உமையாள் வேலைக்கு வந்தாள். காரைக்குடிப் பக்கத்துப் பெண். ஜெர்மனியில் இரண்டு வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தவள். தொழில் நடக்கவும் வேண்டும், மண்ணும் தண்ணீரும் மிஞ்சவும் வேண்டும், அது எப்படி என்பதுதான் அவளுடைய பாடம். மற்றவர்கள் பலகையில் கோடு போட்டு நடத்துகிறதை அவள் ஆட்களை நிற்க வைத்து நடத்துவாள். அதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் உண்டு. விண்மீன் கூட்டம் என்று நான் தமிழ்ப்படுத்திக் கொடுத்தேன். அழகாக இருந்தது. சேர்மன் அதைக் கேட்டுவிட்டு, "சோசியமுங்களா?" என்றார்.

சோசியம் இல்லை. ஒரு கம்பெனிக்கு ஒரு பிரச்சினை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சம்பந்தப்பட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள். ஒருவர் கம்பெனி, ஒருவர் துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர், ஒருவர் பேங்க், ஒருவர் ஆறு. தோளைப் பிடித்து அவரவரை ஹாலில் ஒரு இடத்தில் நிறுத்துவாள். நடிக்கக் கூடாது, வசனம் பேசக் கூடாது. சும்மா நிற்க வேண்டும். நிற்கும்போது உடம்பில் என்ன தோன்றுகிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும். குளிருகிறது, கனக்கிறது, இந்த ஆளைப் பார்க்கப் பிடிக்கவில்லை, இப்படி. யார் யாருக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள் என்பதிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிடுமாம். எல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒன்று செய்ய வேண்டும். ஒவ்வொருவரும் இரண்டு கையையும் தட்டிவிட்டு, நான் இனி பேங்க் இல்லை, நான் இன்னார் என்று தன் பெயரைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்த வேஷத்திலிருந்து விடுதலை. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நாங்கள் மறந்தது அதைத்தான்.

அன்றைக்கு சேர்மன் முன்னிலையில் செய்து காட்டுவதாக ஏற்பாடு. உமையாளின் வேலை உறுதியாக வேண்டிய வருஷம் அது. புத்திசாலிப் பெண் என்றால் வேறு ஊர்க் கம்பெனி எதையாவது எடுத்திருப்பாள். இவள் எங்கள் பட்டறையையே எடுத்தாள். பட்டறை மேனேஜர் மயில்சாமியையே பட்டறையாக நிறுத்தினாள். அவருக்கு ஏகப்பட்ட பெருமை. இருபது வருஷமாகக் கைகட்டி நின்ற பட்டறைக்கு அவரே உருவமாக நிற்கிறார் அல்லவா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திவிட்டார்.

அடுத்து ஆறு வேண்டும் என்றாள். ஹாலில் இருந்த அத்தனை பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். ஆறாக நின்றால் உடம்பில் தோன்றுவதைச் சொல்ல வேண்டும், அதுவும் சேர்மன் எதிரில். நான் மட்டும் மின்விசிறியைப் பார்க்கவில்லை. நான் உமையாளையே பார்த்தேன். இலேசாகத் தொண்டையைக் கூடச் சரிசெய்தேன். ஆற்றுக்கு வேண்டிய குரல் அந்த ஹாலில் ஒருத்தியிடம்தான் இருந்தது, அது அவளுக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை. அவள் என்னைத் தாண்டி நடந்து போய் முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சேர்மனிடம், "சார், நீங்க வர்றீங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பதினெட்டு வருஷமாகிறது, இப்போது என்ன வருத்தம். சேர்மன் ஷூவைக் கழற்றிவிட்டு எழுந்தார். மாலை ஏதாவது போடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

எனக்கு என்ன வேஷம் என்று கேட்கவில்லையே நீங்கள். இன்னும் பிறக்காதவர்கள். வரப்போகிற தலைமுறை. பென்ஷன் வாங்குகிற ஒருத்தியைக் கொண்டுபோய்க் கதவுக்குப் பக்கத்தில், எல்லோரையும் விட்டுத் தள்ளி, பிறக்காதவளாக நிறுத்தினாள். மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சேர்மன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நல்ல ஆகிருதியான மனிதர். மெல்ல உட்கார்ந்தார். பிறகு வெள்ளை பேண்ட்டோடு சிமெண்ட் தரையில் படுத்துவிட்டார். கல்லூரி முதல்வர் தன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். உமையாள் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள். சேர்மன் படுத்தபடியே சொன்னார், தோல் எரிகிறது, வலது பக்கம் பூரா எரிகிறது, அந்தப் பக்கம் நிற்கிற ஆள் திரும்பிப் பார்க்கவே மாட்டேன் என்கிறான். அந்தப் பக்கம் நின்றது மயில்சாமி. அவர் நிஜமாகவே திரும்பவில்லை. பட்டறைக்கு என்ன தோன்றுகிறது என்று உமையாள் கேட்டாள். நல்லா காத்து வருதுங்க மேடம் என்றார்.

பிறக்காதவர்களுக்கு என்ன தோன்றுகிறது என்று என்னிடம் கேட்டாள். முட்டி வலிக்கிறது என்றேன். அதை ஒரு பெரிய விஷயம் போலக் குறித்துக்கொண்டாள். அது என் முட்டியின் வலி, பிறக்காதவர்களின் வலி இல்லை என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் தரையில் கிடந்த சேர்மன் கழுத்தைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்த்தார். கையை என் பக்கமாக நீட்டினார்.

"மேடம், நீங்க வர்ற வரைக்கும் நான் தாங்க மாட்டேனுங்க."

ஆறு பேசியதா, சேர்மன் பேசினாரா எனக்கு எப்படித் தெரியும்? பேசியவர் சேர்மன். மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். "பரவாயில்லைங்க சார், நான் மெதுவா வர்றேன்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர், நிஜமானவர், பட்டறை வாசலில் வந்து நிற்கிறாராம். சேர்மன் எழுந்தார், ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டார், வெறுங்காலோடு போய்விட்டார். சாப்பாட்டு நேரமும் ஆகிவிட்டது. உமையாள் பரபரப்பில் மிச்சம் இருந்தவர்களை வரிசையாக நிறுத்திக் கைதட்டச் சொல்லிப் பெயர் சொல்லச் சொன்னாள். நான் பஸ்ஸைப் பிடிக்க ஏற்கெனவே படியில் பாதி இறங்கிவிட்டேன். பெரிய கேட்டைத் தாண்டுகிறேன், டக் என்று மோட்டார் நின்றது. அப்புறம்தான் அந்த மைனா.

முதலில் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. வெளிநாட்டுக்காரருக்காக நிறுத்தியிருப்பார் என்று நினைத்தோம். வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போன பிறகும் மோட்டார் ஓடவில்லை. பிளாண்ட் எவ்வளவு குடிக்குமோ அவ்வளவுக்குத்தான் சாயம் போடலாம் என்று உத்தரவு. சேர்மன் ஷூ போடுவதை விட்டுவிட்டார். காலையில் சாயம் கலக்குகிற இடத்துக்கு வந்து, இன்னிக்கு நான் என்ன கலர்ல ஓடோணும் என்று கேட்பாராம். சிவப்பு என்றால் முகம் சுளிப்பாராம். மச்சான்களோடு கணக்குப் பேசுகிற கூட்டத்தில் பாதியில் தரையில் படுத்துக்கொண்டாராம். படுத்திருக்கிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? அவர்கள் எழுந்து போய்விட்டார்களாம். இதெல்லாம் மயில்சாமி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

சேர்மனின் மனைவி ராசாமணியம்மாள் ஒருநாள் ஆசிரியர் அறைக்கே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள் உமையாள், பதற்றத்தில்.

"ஏனுங்க டாக்டரம்மா, எங்க ஊட்டுக்காரரை என்ன பண்ணி அனுப்புனீங்க? தலைக்கு ஷாம்பு போட மாட்டேங்கறாரு. கேட்டா நுரை ஆகாதுங்கறாரு."

நாங்கள் சிரித்தோம். உமையாள் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. விரலை விட்டு எண்ணினாள், பட்டறை, பேங்க், துணி வாங்குகிறவர், தொழிலாளி. எல்லோரையும் விடுவித்தாள். ஆற்றை விடுவிக்கவில்லை. அவளுடைய குரு ஜெர்மனியில் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பிய ஒரே விதி அது, வேஷத்தோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பாதே என்று. உலகத்தில் வேறு யாரும் செய்ய முடியாத தப்பு, பார்த்தீர்களா. கணக்கு வாத்தியார் மறந்தால் ஒரு பையனுக்கு மார்க் குறையும். இவள் மறந்ததில் ஒரு ஆறு கல்லூரி நடத்திக்கொண்டிருக்கிறது.

மயில்சாமிக்கும் விஷயம் எட்டிவிட்டது. நேராக வந்து நின்றார்.

"நீங்கதானுங்க மாட்டி உட்டீங்க. நீங்களே கழட்டி உட்டுருங்க. துணி தேங்கிக் கெடக்குது. மச்சானுங்க என் கழுத்துல உக்காந்திருக்காங்க."

அவர் போய் முதல்வரிடமும் சொல்லிவிட்டார். முதல்வர் உமையாளைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் சேர்மனைப் பழையபடி ஆக்காவிட்டால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று மிகவும் வருத்தத்தோடு சொன்னார். அவர் எதையும் வருத்தத்தோடுதான் சொல்வார்.

உமையாள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பள்ளம் தெரிகிற ஜன்னல். தண்ணீருக்கு அதன் சொந்த நிறம் அப்போது வரவில்லை. சாயத்தின் நிறம் போயிருந்தது, அவ்வளவுதான்.

"விடுவிக்கலைன்னா நான் பண்றது மாந்திரீகம், மேடம். விடுவிச்சா மோட்டார் ஓடும்."

நான் அடுத்தவர் விஷயத்தில் குறுக்கே பேசுகிறவள் இல்லை. ஆனால் கேட்டுவிட்டாள், சொல்லித்தானே ஆக வேண்டும். மிகச் சுலபமான வழி ஒன்றைச் சொன்னேன். அவரை இறக்கிவிட்டு அந்த இடத்தில் என்னை ஏற்றிவிடு. ஆறும் காலியாகாது, சேர்மனும் ஷாம்பு போட்டுக்கொள்வார். எனக்கு அதில் முன் அனுபவம் உண்டு என்று சொல்லி அந்தக் கவிதையையும் சொன்னேன், முழுவதும். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. கவிதை அப்படி. கடைசி வரிக்குப் பிறகு என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மேடம், உங்களையும் நான் இன்னும் விடுவிக்கலையே" என்றாள்.

எதற்குள்ளும் போகாத ஒருத்தியை எதிலிருந்து விடுவிப்பது? அதைத்தான் அவளிடம் கேட்டேன். வேலையைப் பார் என்றேன்.

அந்த டீ கப்பையும் கொடுத்துவிடுங்கள். பையில் இடம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அதே ஹாலில் கூடினோம். சேர்மன் வந்தார், வெறுங்காலோடு. மயில்சாமி கதவோரம் நின்றார், கையில் மோட்டார் ரூம் சாவி. முதல்வர் வருத்தத்தோடு உட்கார்ந்திருந்தார். உமையாள் புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சேர்மன் எதிரில் போய் நின்றாள். அப்போதுகூட அவள் ஒரு காரியம் செய்தாள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருங்கள் என்று அவர் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? சொல்லவில்லை.

"சார், தப்பு என்னுது. அன்னிக்கே உங்களை விடுவிச்சிருக்கணும். இதைச் சொல்லி முடிச்சதும் நீங்க நீங்கதான். அப்புறம் என்ன பண்ணணும்னு தோணுதோ அதைப் பண்ணுங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

அவர் தலையசைத்தார். இரண்டு கையையும் தட்டினார், அவள் சொன்னபடி. நான் இனி ஆறு இல்லை என்றார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. நான் நாச்சிமுத்து என்றார். இது வழக்கமான குரல், சம்பளப் பட்டியலைத் திருப்பி அனுப்புகிற குரல். எல்லோரும் மூச்சு விட்டோம். வெளியே போட்டிருந்த ஷூவை யாரோ உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். அவர் ஒரு காலை நுழைத்தார்.

மயில்சாமி சாவியோடு இரண்டு அடி முன்னால் வந்தார். "அப்ப மோட்டாரைப் போட்டர்லாங்களா?"

சேர்மன் இன்னொரு ஷூவைக் கையில் பிடித்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மயிலு, நான் எரிஞ்சுட்டுக் கெடந்தப்ப நீ முதுகைக் காட்டிட்டு, நல்லா காத்து வருதுன்னே. ஆறா இருந்த வரைக்கும் அது எனக்குப் பெருசாத் தெரியல. ஆறு மறந்துட்டு அதும்பாட்டுக்குப் போயிரும். நாச்சிமுத்து மறக்க மாட்டான். சாவியைக் குடு."

சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மயில்சாமி, நான் பட்டறையா நின்னதால சொன்னதுங்க, நானாச் சொல்லலீங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பட்டறைதான் ஊத்துச்சு, நானா ஊத்தலைன்னு நானும் நாளைக்கு அதிகாரிகிட்டச் சொல்லட்டுமா என்றார் சேர்மன். போகும்போது என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க மெதுவா வர்றேன்னீங்க. அதையும் மறக்கலீங்க." எவ்வளவு பதற்றத்திலும் நிதானமாகப் பேசினேன் என்று மெச்சினார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். எல்லோருக்கும் அந்த நிதானம் வராது.

குழாய் வாயைச் சிமெண்ட் போட்டு அடைத்தார். உமையாளின் வேலை உறுதியானது. கொஞ்ச காலத்தில் மச்சான்கள் பங்கைப் பிரித்துக்கொண்டு பட்டறையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர்கள் வேறு குழாய் போட்டார்கள் என்று சொல்கிறார்கள். இப்போது வருகிற மோட்டார்கள் சத்தம் போடுவதில்லையாம். சேர்மன் கல்லூரியை மட்டும் வைத்துக்கொண்டு கோபியில் தோட்டத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

உமையாள் இப்போது திருச்சியில் பெரிய பேராசிரியர். வகுப்பு தொடங்கும்போதே விடுவிக்கிற முறையை முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறாளாம். ஒவ்வொரு புதுவருஷத்துக்கும் போன் செய்வாள். மேடம், இப்பவாவது கையைத் தட்டி உங்க பேரைச் சொல்லிருங்க, போன்லயே போதும் என்பாள். எதற்கு என்பேன். முட்டி எப்படி இருக்கிறது என்பாள். வலிக்கிறது, வயசு என்பேன். பிறக்காதவர்களுக்கு வயசு ஏது என்று சிரிப்பாள். நல்ல பெண்தான், ஆனால் தன் வித்தையை ரொம்ப நம்புகிறாள். நான் அப்படி எதையும் நம்புகிறவள் இல்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் எனக்கு அவ்வப்போது வரும். ஒரு குழாய் சொட்டுகிறது, ஒரு மரத்தைத் தறிக்கிறார்கள், அப்போது, நாங்கள் வரும்போது என்ன மிச்சம் இருக்கும் என்று. யாருக்கும் வருகிற சந்தேகம்தானே அது. உங்களுக்கு வருவதில்லையா?

கவிதையை நீங்கள் கேட்கவேயில்லை. பரவாயில்லை, கோபி வந்துவிட்டது. இந்த பாட்டிலையும் கப்பையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் ராசாமணியம்மாளைப் பார்க்கப் போகிறேன். நாச்சிமுத்து போன தை மாசம் இறந்துவிட்டார். அஸ்தியைப் பவானிக்கு எடுத்துப் போகக் கார் வந்து நின்றதாம். ஆற்றில் போட வேண்டாம் என்று முன்னமே சொல்லி வைத்திருந்தாராம். தோட்டத்தில் ஒரு கொய்யா மரத்துக்கு அடியில் போட்டார்கள்.